சொன்னால் செய்வது: மூன்று முதல் எட்டு வயதுக் குழந்தைகளும் வாக்கும் நம்பிக்கையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூர், கோத்தகிரி பக்கம் பால்வாடி வாசலிலும் பள்ளிப் பெற்றோர் கூட்டத்திலும் திரும்பத் திரும்பக் காதில் விழும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைப் பெற்றோர் கேட்ட பேச்சிலேயே விட்டிருக்கிறோம். ஒரு பதில் இன்னொன்றைத் தொடுகிற இடத்தில் அதன் எண் இருக்கும்.

1. மூணு வயசுப் பிள்ளைக்கு ப்ராமிஸ்னா என்னன்னு புரியுமா? இப்பவே சொல்லிக் கொடுக்கணுமா?

பாதி புரியும். "செய்றேன்" என்று சொன்னால் செய்ய வேண்டும் என்ற எண்ணம் அந்த வயதிலேயே இருக்கிறது. சலிப்பூட்டும் ஒரு வேலையைத் தொடர்ந்து செய்வதாக வாக்குக் கொடுத்த மூன்று, ஐந்து வயதுக் குழந்தைகள், கொடுக்காதவர்களைவிட அதிக நேரம் அதில் நின்றதை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். புரியாதது இரண்டு. நாளை மறுநாள் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று தெரியாது. சொன்னது நடக்காமல் போனால், அதற்கு நீங்கள் காரணமா மழை காரணமா என்று பிரித்துப் பார்க்கவும் தெரியாது. தெரியாமல் தப்பாகச் சொன்னதும் வேண்டுமென்றே சொன்ன பொய்யும் சின்னக் குழந்தைகளுக்கு ஒன்றுபோலத்தான் படுகிறது என்று சுவிஸ் உளவியலாளர் ழான் பியாஜே 1932-லேயே எழுதிவிட்டார்.

அதனால் வயதைப் பார்த்து வாக்கின் தூரத்தை வையுங்கள். மூன்று வயதுக்கு அடுத்த அரை மணி நேரத்துக்குள் நடக்கிற காரியம் போதும். நாலு, ஐந்து வயதுக்கு அன்றைய பொழுதுக்குள். ஆறு வயதுக்கு இரண்டு மூன்று நாள். ஏழெட்டு வயதில் ஒரு வாரம் தாங்கும். கொஞ்சம் முன்பின் இருக்கும், பிள்ளைக்குப் பிள்ளை மாறும்.

உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்க இதில் பாடம் என்று ஒன்றும் கிடையாது. பிள்ளை வாக்கைக் கற்றுக்கொள்வது, தனக்குக் கொடுக்கப்பட்ட வாக்குகள் என்ன ஆயின என்று பார்த்துத்தான். கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் பெரியவர்களைப் பற்றியே இருப்பது அதனால்தான்.

2. "நாளைக்குப் போலாம்"னு சொன்னா அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் "நாளைக்கு ஆயிடுச்சா"ன்னு கேட்டு உசிரை வாங்குறான். என்ன பண்றது?

கடிகாரமும் கிழமையும் அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆனால் ஒன்றுக்குப் பின் ஒன்று நடப்பது பிடிபடும். "நாலு மணிக்கு" என்பதைவிட "அம்மா தேயிலை எடை போட்டுட்டு வந்ததும்", "சாயங்கால ரயில் ஊதினதும்", "பாட்டி விளக்கு ஏத்தினதும்" என்று சொல்லுங்கள். ஒரு நிகழ்ச்சியோடு கட்டிவிட்டால் கேள்வி குறையும்.

ஒரு நாளைத் தாண்டிப் போகிற விஷயத்துக்கு வீட்டில் தொங்கும் தினசரிக் காலண்டர் போதும். போகப்போகிற தேதியின் தாளைத் தூக்கிப் பிடித்து, அதில் ஸ்கெட்ச் பேனாவால் பிள்ளையையே படம் வரையச் சொல்லுங்கள். ரயிலென்றால் ரயில், மாமா வீடென்றால் மாமா மீசை. தினமும் காலையில் ஒரு தாளை அவனே கிழிக்கட்டும். படம் போட்ட தாள் மேலே வரும் நாள்தான் அந்த நாள். இதில் தவறு நடப்பது எங்கே என்றால், அவசரத்தில் பெரியவர் யாராவது இரண்டு தாளைச் சேர்த்துக் கிழித்துவிடுவார்கள். கிழிப்பது அவன் வேலை என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள்.

ஏழு தாளுக்கு மேல் தள்ளி இருக்கும் எதையும் இப்போதே சொல்ல வேண்டாம். நீலக்குறிஞ்சி பூக்கும்போது கூட்டிப் போகிறேன் என்று ஐந்து வயதுப் பிள்ளையிடம் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அது 12 வருடத்துக்கு ஒரு முறை பூப்பது.

3. எதுக்கெடுத்தாலும் "ப்ராமிஸ் பண்ணு"ங்கிறா. பண்ணித்தான் ஆகணுமா?

வேண்டாம். வாயிலிருந்து வரும் வாக்கின் எண்ணிக்கையைக் குறைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய உதவி. நடக்கும் என்று நிச்சயமாகத் தெரிந்தால் "ஆமா". நடக்காது என்றால் "இல்லை", காரணம் ஒரே வாக்கியத்தில். தெரியாது என்றால் "தெரியாது, ராத்திரி அப்பா வந்ததும் சொல்றேன்".

நம் வீடுகளில் இதற்கு நடுவே "பார்க்கலாம்" என்று ஒன்று இருக்கிறது. பெரியவர்களுக்கு அது இல்லை என்பதன் மரியாதையான வடிவம். பிள்ளைக்கு முதலில் அது "ஆமா"வாகக் கேட்கும், பத்துத் தடவை ஏமாந்த பிறகு "இல்லை"யாகக் கேட்கும், அதற்கப்புறம் நீங்கள் நிஜமாகவே யோசித்துச் சொன்னாலும் நம்ப மாட்டாள். "பார்க்கலாம்" சொன்னால் எப்போது முடிவு சொல்வீர்கள் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள்.

4. மலை ரயில்ல கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருந்தேன். மண்சரிவுன்னு ரயிலை நிறுத்திட்டாங்க. "நீ பொய் சொல்லிட்டே"ன்னு அழுவுறான். நான் என்ன பண்ண?

இந்த மலையில் வருஷா வருஷம் வரும் கேள்வி. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர் பாதை. அதில் கல்லாறிலிருந்து குன்னூர் வரைக்குமான பல்சக்கரப் பகுதியில்தான் வடகிழக்குப் பருவமழையில் மண்ணும் பாறையும் விழுந்து ரயில் அடிக்கடி ரத்தாகும். ஐப்பசி, கார்த்திகையில் ரயில் வாக்குக் கொடுப்பது கொஞ்சம் துணிச்சலான காரியம்.

அவன் பார்வையில் சொன்னது நடக்கவில்லை, அவ்வளவுதான் (கேள்வி 1). "நான் என்னடா பண்றது, ரயில்வேக்காரன்கிட்ட கேளு" என்று எரிந்து விழுவதால் பயனில்லை. முதலில் ஏமாற்றத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்: "ரயில் ஏறணும்னு ஆசையா இருந்தே. எனக்கும் வருத்தமா இருக்கு." பிறகு காரணத்தைக் கண்ணால் காட்ட முடிந்தால் காட்டுங்கள். செய்தித்தாளில் பாறை கிடக்கும் படம் ஒன்று வந்திருக்கும், பத்து நிமிடப் பேச்சைவிட அது போதும். மூன்றாவது, அதே நாளில் அதே ஆசையை ஒட்டிய ஒன்றைச் செய்யுங்கள். பெரும்பாலும் குன்னூர்–ஊட்டிப் பகுதி ஓடிக்கொண்டிருக்கும், விசாரித்துக்கொண்டு அதில் போகலாம். அதுவும் இல்லையென்றால் ஸ்டேஷனுக்குப் போய் நிற்கிற எஞ்சினையாவது பார்த்துவிட்டு வரலாம். கீழேயிருந்து தள்ளிக்கொண்டு வரும் நீராவி எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சினை மாட்டும் இடம் குன்னூர்தான், ரயில் ஓடும் நாளில் அதைப் பார்க்கவே தனியாக ஒரு தடவை போகலாம்.

அடுத்த தடவைக்கு வாக்கையே இரண்டாக உடைத்துச் சொல்லுங்கள். "சனிக்கிழமை ஸ்டேஷனுக்குப் போறோம். ரயில் ஓடினா ஏறுறோம், ஓடலன்னா இஞ்சினைப் பாத்துட்டு வர்க்கி வாங்கிட்டு வர்றோம்." உங்கள் கையில் இருப்பது ஸ்டேஷனுக்குப் போவது மட்டும்தான். வாக்கும் அதோடு நிற்கட்டும்.

5. நான்தான் மறந்துட்டேன். மழை, மண்சரிவுன்னு சாக்குச் சொல்லவும் வழியில்லை. இப்போ?

சாக்கு இல்லாதது நல்லதுதான். குனிந்து அவள் கண்ணுக்கு நேராக வந்து, என்ன சொன்னீர்கள் என்பதை அப்படியே சொல்லுங்கள்: "நேத்து சாயங்காலம் ஊஞ்சல் கட்டித் தரேன்னு சொன்னேன். மறந்துட்டேன். தப்பு என்மேலதான்." காரணம் ஒரு வாக்கியத்துக்கு மேல் போனால் அது சமாதானம் பேசுவதாகிவிடும். உடனே புது நேரம் சொல்லுங்கள், 24 மணி நேரத்துக்குள் இருக்கட்டும். அதைச் செய்துவிடுங்கள். இரண்டாவது தடவையும் தவறினால் மூன்றாவது மன்னிப்புக்கு மதிப்பில்லை.

பெரும்பாலோர் தவறுவது ஈடு கட்டுவதில். ஊஞ்சலுக்குப் பதிலாகப் பெரிய சாக்லேட், போனில் கூடுதலாக ஒரு மணி நேரம். அம்மா மறந்தால் எனக்கு லாபம் என்று பிள்ளை கணக்குப் போட ஆரம்பித்துவிடும். ஊஞ்சல் சொன்னால் ஊஞ்சல்தான்.

6. அவனும்தான் "செய்றேன் செய்றேன்"னு சொல்லிட்டுச் செய்யறதே இல்ல. அவனை மட்டும் சும்மா விடணுமா?

விட வேண்டாம். ஆனால் மறந்தானா, முடியவில்லையா, மனமில்லையா என்று முதலில் பாருங்கள். ஏழு வயதுக்குக் கீழே முக்கால்வாசி முதல் இரண்டில்தான் முடியும். செய்ய வேண்டியதைச் சரியான நேரத்தில் தானாக நினைவுக்குக் கொண்டுவருவது பெரியவர்களுக்கே தடுமாறும் வேலை. பிள்ளைக்கு அதைக் கண்ணில் படும் பொருள்தான் நினைவூட்டும்.

மழைக்காலத்தில் எல்லா வீட்டிலும் நடக்கிற ஒன்றை எடுத்துக்கொள்வோம். பள்ளிவிட்டு ஷூ நனைந்து வரும், காய வைக்காவிட்டால் மறுநாள் ஈர ஷூவோடு போக வேண்டும். "ஷூவை நானே எடுத்து வைக்கிறேன்" என்று ஆறு வயதுப் பையன் வாக்குக் கொடுக்கிறான், வாசலிலேயே உதறிவிட்டு ஓடிவிடுகிறான். "எடுத்து வை" என்பதற்குள் உண்மையில் நாலு வேலை இருக்கிறது: நாடாவைத் தளர்த்திக் கழற்றுவது, உள்ளே இருக்கும் அட்டையை உருவுவது, ஒவ்வொரு ஷூவிலும் கசக்கிய பழைய பேப்பரை நுனிவரை திணிப்பது, அடுப்படி ஓரமாகச் சாய்த்து வைப்பது. நாலையும் இரண்டு மூன்று நாள் கூடவே உட்கார்ந்து செய்து காட்டுங்கள். பழைய பேப்பரைக் கிழித்து, வாசலில் அவன் கண் மட்டத்தில் ஒரு கூடையில் வையுங்கள். கூடைதான் நினைவூட்டல். நீங்கள் கேட்கும் வாக்கும் சின்னதாகட்டும்: "பேப்பர் திணிக்கிறது உன் வேலை, மீதி என் வேலை." அது ஒரு வாரம் நின்ற பிறகு அடுத்த வேலையைச் சேருங்கள்.

செய்யாத நாளில் திட்டுவதைவிட, கூடவே நடத்திப் போய் முடிக்க வைப்பது நல்லது. "பேப்பர் திணிக்கிறேன்னு சொன்னே. வா, இப்போ பண்ணிடலாம்." குரல் உயர வேண்டியதில்லை, ஆனால் வேலை நடந்தே ஆக வேண்டும். நீங்களே எடுத்து வைத்துவிட்டுப் பின்னாலேயே புலம்புவது இரண்டுங்கெட்டான்.

7. சொன்னதைச் செஞ்சா ஸ்டார் ஒட்டுறோம், பத்து ஸ்டாருக்கு ஒரு பொம்மை. சரியா?

புதுப் பழக்கத்தைத் தொடங்க இரண்டு வாரம் ஸ்டார் இருக்கலாம். பொம்மை வேண்டாம். படம் வரைவதை விரும்பிச் செய்த குழந்தைகளிடம் "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொல்லி வரைய வைத்தபோது, பிறகு சும்மா இருக்கும் நேரத்தில் அவர்கள் வரைவது குறைந்துபோனதை 1973-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. பொம்மை நின்ற நாளில் ஷூவும் நின்றுவிடும்.

8. "சாப்பிடலன்னா கரடி வந்து தூக்கிட்டுப் போயிடும்"னு சொல்லித்தான் எங்க அத்தை சோறு ஊட்டுறாங்க. காலங்காலமா இருக்கிறதுதானே?

சமவெளியில் இருந்தால் இந்தக் கேள்விக்கு இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம். நீலகிரியில் முடியாது. இங்கே கரடி நிஜமாகவே வருகிறது. கோத்தகிரி, குன்னூர் குடியிருப்புகளுக்குள் கரடி நுழைவதும், தேயிலைக்குள் காட்டெருமை நிற்பதும், சிறுத்தை நாயைப் பிடித்துப் போவதும் யாருக்கும் புதுச் செய்தி இல்லை. "ஆறு மணிக்கு மேல தனியா வெளியே போகாதே" என்பது பிள்ளையின் உயிரைக் காக்கும் சொல். சோற்றுக்காக நூறு தடவை வராத கரடியைக் கூப்பிட்டு முடித்த வாய் அதைச் சொன்னால், ஐந்து வயதில் பயப்படுவான், ஏழு வயதில் சிரிப்பான்.

கரடி என்ற பேச்சை நிஜக் கரடிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதையும் பயமுறுத்தலாக இல்லாமல் விதியாகச் சொல்லுங்கள்: இருட்டினால் பெரியவர் கை பிடிக்காமல் வாசல் தாண்டக் கூடாது. மிருகத்தைக் கண்டால் கிட்டே போகக் கூடாது, கல் எறியக் கூடாது, உள்ளே வந்து பெரியவரிடம் சொல்ல வேண்டும். சோறு வேறு விவகாரம். இருபது நிமிடம் வைத்துவிட்டுத் தட்டை எடுத்துவிடலாம்.

"போலீஸ் பிடிச்சுட்டுப் போயிடும்", "டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லுவேன்" இரண்டும் இதே வகை. மே மாதம் ஊட்டி மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் பிள்ளை கை நழுவினால் யாரிடம் போக வேண்டுமோ, அவரைப் பார்த்தே ஒளிந்துகொள்ளும்.

அத்தையிடம் "நீங்க பண்றது தப்பு" என்று போய் நிற்காதீர்கள். "அத்தை, போன வாரம் பக்கத்து லைன்ல கரடி வந்துச்சே, இவன் நம்பவே மாட்டேங்கிறான், நாம ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லுவோம்" என்று அவரையும் சேர்த்துக்கொண்டால் வேலை நடக்கும்.

9. காலையில இலை பறிக்கக் கிளம்பும்போது சொன்னா அழுவா. அதனால பாட்டிகிட்ட விட்டுட்டுப் பின்வாசல் வழியா நழுவிடுவேன். பரவாயில்லையா?

அன்றைக்கு அழுகை மிச்சம். ஆனால் அம்மா எப்போது வேண்டுமானாலும் காணாமல் போகலாம் என்று அவள் தெரிந்துகொள்வாள். அதற்குப் பிறகு நீங்கள் அடுப்படிக்குப் போனாலே முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நாள் முழுக்க வாசலைப் பார்ப்பாள்.

சொல்லிவிட்டுப் போங்கள், ஆனால் சுருக்கமாக. கிளம்ப ஐந்து நிமிடம் முன்னால் ஒரு தடவை சொல்லுங்கள். வாசலில் தினமும் ஒரே செய்கை, இரண்டு கன்னத்திலும் முத்தம், ஒரு கையசைப்பு. எப்போது வருவீர்கள் என்பதை 2-ல் சொன்னபடி நிகழ்ச்சியோடு கட்டிச் சொல்லுங்கள். திரும்பிப் பார்க்காமல் நடங்கள். அழுகை கேட்டு ஓடி வந்து மறுபடி சமாதானம் சொன்னால், நாளைக்கு இன்னும் சத்தமாக அழ வேண்டும் என்று அவள் தெரிந்துகொள்வாள். முதல் வாரம் கஷ்டம்தான். சாயங்காலம் வந்ததும் "வந்துட்டேன் பாத்தியா, சொன்னேன்ல" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். காலையில் சொன்னதும் சாயங்காலம் நடந்ததும் ஒன்று என்று அவள் சேர்த்துப் பார்க்க அது தேவை.

10. தடுப்பூசிக்கு "வலிக்கவே வலிக்காது"ன்னு சொல்றோம். நல்லதுக்குச் சொல்ற பொய்தானே?

யாருடைய நல்லதுக்கு? ஊசி நல்லதுக்கு, பொய் நம் வசதிக்கு. ஊசி உள்ளே போன நொடியிலேயே பொய் வெளுத்துவிடுகிறது, அடுத்த ஊசிக்கு நாலு பேர் சேர்ந்து பிடிக்க வேண்டி வருகிறது. "எறும்பு கடிச்ச மாதிரி வலிக்கும். பத்து எண்ணுறதுக்குள்ள போயிடும். என் கையை இறுக்கிப் பிடிச்சுக்கோ" என்று சொல்லிப் பாருங்கள். சேர்ந்து எண்ணுங்கள்.

பெரியவர் பொய் பிள்ளைக்கு ஒட்டுவதும் உண்டு. கலிபோர்னியாவில் நடத்தி 2014-ல் வெளியான ஆய்வில், பக்கத்து அறையில் நிறைய மிட்டாய் இருக்கிறது என்று பொய் சொல்லிக் குழந்தைகளை அழைத்துவந்து, பிறகு "திரும்பிப் பார்க்காதே" என்று சொல்லி ஒரு விளையாட்டு வைத்தார்கள். பள்ளி வயதுக் குழந்தைகளில், பொய் சொல்லி அழைத்துவரப்பட்டவர்களே அதிகம் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கவில்லை என்று அதிகம் பொய்யும் சொன்னார்கள். அதைவிடச் சின்னவர்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை. சின்ன வயதில் தப்பித்துவிடலாம் என்று இதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம். பள்ளி வயது சீக்கிரம் வந்துவிடும்.

11. "இப்போ ஒண்ணு, கொஞ்சம் பொறுத்தா ரெண்டு"ன்னு சொன்னாலும் இப்பவே வேணும்னு பிடுங்குறான். இவனுக்குப் பொறுமையே கிடையாதா?

இருக்கலாம். உங்கள் "ரெண்டு" வரும் என்று அவனுக்கு நம்பிக்கை இல்லாமலும் இருக்கலாம். மிட்டாயைத் தின்னாமல் காத்திருந்தால் இன்னொன்று என்ற பழைய சோதனை ஒன்று பலருக்குத் தெரிந்திருக்கும். அமெரிக்காவில் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் அதையே மாற்றிச் செய்து 2013-ல் வெளியிட்டார்கள். மூன்றிலிருந்து ஐந்து வயது வரை 28 குழந்தைகள், 14 பேராக இரண்டு குழு. முதலில் தேய்ந்த கிரேயானைக் கொடுத்து, "பொறுத்தால் நல்லது கொண்டுவருகிறேன்" என்று ஒருவர் போனார். ஒரு குழுவுக்குச் சொன்னபடி கொண்டுவந்தார். இன்னொரு குழுவிடம் வெறுங்கையோடு வந்து "மன்னிச்சுக்கோ, இல்லை" என்றார். ஸ்டிக்கரிலும் அப்படியே. அதற்குப் பிறகுதான் மிட்டாய்.

சொன்னதைச் செய்தவரிடம் குழந்தைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தார்கள், ஏமாற்றியவரிடம் மூன்று நிமிடம். முழுப் பதினைந்து நிமிடமும் தாக்குப்பிடித்தவர்கள் முதல் குழுவில் 9 பேர், இரண்டாவதில் ஒரே ஒருவர். குழந்தையின் குணம் என்று நாம் நினைக்கிற ஒன்று, இரண்டே இரண்டு ஏமாற்றத்தில் இவ்வளவு மாறியது. வராது என்று தெரிந்த இடத்தில் கிடைத்ததைப் பிடுங்குவது புத்திசாலித்தனம்தான். அவனைத் திருத்தும் முன் ஒரு வாரம், நீங்கள் சொன்ன "அப்புறம் தரேன்" எத்தனை நடந்தது என்று எண்ணிப் பாருங்கள். பிறகு ஒரு நிமிடக் காத்திருப்பில் தொடங்கி, ஒவ்வொரு தடவையும் சொன்னதைக் கொடுத்து, மெல்ல நீட்டுங்கள்.

12. "அம்மா மேல சத்தியம்", "கற்பூரம் அடிச்சு சத்தியம்"னு பிள்ளைங்களே சொல்லுதுங்க. தடுக்கணுமா?

திட்டித் தடுக்க வேண்டாம், ஆனால் நீங்கள் கேட்டு வாங்காதீர்கள். ஆறு வயதுப் பிள்ளை அம்மா மேல் சத்தியம் பண்ணிவிட்டு அதை மீறும். அடுத்த வாரம் அம்மாவுக்குக் காய்ச்சல் வரும். இரண்டையும் முடிச்சுப் போட்டு, "என்னாலதான் அம்மாவுக்கு இப்படி" என்று யாரிடமும் சொல்லாமல் ராத்திரியெல்லாம் பயந்து கிடக்கும். நினைத்தாலே நடந்துவிடும் என்று நம்புகிற வயது அது. வாயில் வந்துவிட்டால் உடனே அவிழ்த்துவிடுங்கள்: "சத்தியம் பண்ணினாலும் எனக்கு ஒண்ணும் ஆகாது. நீ சொன்னாலே போதும், நான் நம்புறேன்."

13. கூடப் படிக்கிறவ "உனக்குத்தான் முதல்ல தருவேன்"னு சொல்லிட்டு வேற யாருக்கோ கொடுத்துட்டாளாம். "கா" விட்டுட்டு வந்து அழுவுறா.

தலையிடாதீர்கள். காலையில் "கா", மத்தியானம் "பழம்". நீங்கள் அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் பேசப் போனால்தான் ஒரு மாதம் இழுக்கும். வீட்டில் கேட்க ஒன்று போதும்: "நீ அவகிட்ட சொன்னியா, எனக்குக் கஷ்டமா இருந்துச்சுன்னு?"

14. அவங்க அப்பா திருப்பூர்ல வேலை பாக்கறார். போன்ல "அடுத்த வாரம் வரேன், சைக்கிள் வாங்கிட்டு வரேன்"ம்பார். வர்றதே இல்ல. நான் என்ன சொல்லிச் சமாளிக்க?

சமாளிக்காதீர்கள். "அப்பாவுக்கு பஸ் கிடைக்கல" என்று நீங்கள் சேர்க்கும் பொய்யால் உங்கள் மேல் உள்ள நம்பிக்கையும் போகும். "உங்க அப்பன் எப்பவும் இப்படித்தான்" என்பதும் வேண்டாம். அவனுக்கு அவர் அப்பாதானே. "வரேன்னு சொன்னார், வரல. உனக்கு வருத்தமா இருக்கும். ஏன்னு எனக்கும் தெரியல" என்று சொன்னால் போதும், அது உண்மையும்கூட.

பேச வேண்டியது கணவரிடம், பிள்ளை இல்லாத நேரத்தில். சைக்கிள் வேண்டாம், வரும் தேதி வேண்டாம். "ஞாயித்துக்கிழமை ராத்திரி சாப்பிட்டதும் போன் பண்றேன்" என்று ஒரே ஒரு வாக்கு. அதை நாலு வாரம் தவறாமல் நடத்தட்டும். வீட்டுக்கு வருவதாக இருந்தால் பஸ் ஏறிய பிறகு சொல்லட்டும். தூரத்தில் இருக்கிறவருக்குச் சின்ன வாக்குதான் கைக்கு அடக்கம்.

15. கண்ணாடியை உடைச்சுட்டு "நான் இல்ல"ங்கிறான். நாலு போட்டாத்தான் உண்மை வருமா?

அடித்தால் பொய் குறையாது, பொய் தேறும். மேற்கு ஆப்பிரிக்காவில் இரண்டு பள்ளிகளின் சின்னக் குழந்தைகளை ஒப்பிட்ட ஆய்வு 2011-ல் வந்தது. ஒன்றில் சின்னத் தப்புக்கும் குச்சி அடி, மற்றதில் கண்டிப்பு மட்டும். பார்க்கக் கூடாது என்ற பொம்மையை இரண்டு பள்ளியிலும் பெரும்பாலோர் எட்டிப் பார்த்தார்கள். அடிக்கும் பள்ளியில் ஏறக்குறைய எல்லோரும் பொய் சொன்னார்கள், அதுவும் மாட்டிக்கொள்ளாமல் சொன்னார்கள்.

உங்களுக்கே தெரிந்த விஷயத்தை "நீயா உடைச்சே?" என்று கேட்காதீர்கள். அது பொறி வைப்பது. "கண்ணாடி உடைஞ்சு கிடக்கு. காலில் குத்தாம வா, சேர்ந்து கூட்டிப் பெருக்கலாம்" என்று தொடங்குங்கள். நிஜமாகவே தெரியாதபோது, கேட்பதற்கு முன்னால் "நான் ஒண்ணு கேக்கப்போறேன், உண்மையைச் சொல்றேன்னு சொல்லு" என்று வாங்கிக்கொள்ளுங்கள். இப்படி முன்கூட்டியே வாக்கு வாங்குவது சின்னப் பிள்ளைகளிடமும் பொய்யைக் குறைக்கிறது. உண்மை வந்த பிறகு அடித்துவிட்டால் அந்த வழி அன்றோடு அடைபட்டது. உடைத்ததற்கு விளைவு இருக்கலாம், பெருக்குவது, உண்டியலில் இருந்து கொஞ்சம் காசு. உண்மை சொன்னதற்குத் தண்டனை இருக்கக் கூடாது.

16. சொன்ன சொல்லைக் காப்பாத்தணும்னு கத்துக் கொடுத்துட்டோம். யாராவது "அம்மாகிட்ட சொல்லாதே, ப்ராமிஸ்"னு வாங்கிட்டா?

இந்தப் பக்கத்தில் முதலில் படிக்க வேண்டிய கேள்வி இதுதான். வாக்கைக் காப்பதை மட்டும் கற்றுக்கொடுத்து விதிவிலக்கைச் சொல்லாமல் விட்டால், தப்பானவர் கையில் அது பூட்டாகிவிடும். நாலு வயதிலேயே சொல்லிவிடுங்கள், பல் தேய்ப்பதைச் சொல்வது போல, பதற்றமில்லாமல், மாதம் ஒரு முறை. பிறந்தநாள் கேக் போன்ற ரகசியத்துக்கு முடிவு நாள் உண்டு, கடைசியில் எல்லோருக்கும் தெரியப்போகிறது, எல்லோரும் சிரிப்பார்கள். அதை வைத்துக்கொள்ளலாம். உடம்பைத் தொடுவது, போட்டோ எடுப்பது, வீட்டுக்குத் தெரியாமல் பரிசு தருவது, அடிப்பது, வயிற்றைப் பிசைகிற மாதிரி பயம் வருவது, இவற்றில் எதற்கும் கொடுத்த வாக்கு செல்லாது. யார் வாங்கினாலும் செல்லாது, மாமா, சார், தாத்தா, அம்மா மேல் சத்தியம் என்றாலும் (12).

பிள்ளை உங்களிடம் வந்து "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு ப்ராமிஸ் பண்ணு, அப்பத்தான் சொல்வேன்" என்றால், அந்த வாக்கைக் கொடுக்காதீர்கள். உங்களால் காக்க முடியாது. "உன்னைப் பத்திரமா வச்சிருக்க யார்கிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட மட்டும் சொல்வேன். உன்மேல கோபப்பட மாட்டேன்" என்று சொல்லுங்கள். சொன்னதை அவன் வார்த்தையிலேயே கேளுங்கள், குறுக்கு விசாரணை வேண்டாம். 1098 குழந்தைகள் உதவி எண், இரவு பகல் எப்போதும் கட்டணமின்றி அழைக்கலாம். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ம் ஆண்டு போக்சோ சட்டப்படி, அப்படி ஒரு குற்றம் நடந்தது தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். குடும்ப மானம் என்று மூடி வைக்கச் சட்டத்தில் இடமில்லை.

17. "நீ சாகவே மாட்டேன்னு ப்ராமிஸ் பண்ணும்மா"ன்னு ராத்திரி கேக்கறா. இதுக்கு என்ன சொல்றது?

பெரும்பாலும் எங்கிருந்தோ காதில் விழுந்த பேச்சுதான் இப்படி வரும். 2009 நவம்பர் மண்சரிவை மறக்காத வீடுகளில், மழை வலுத்தாலே பெரியவர்கள் அதைப் பேசுவார்கள், பிள்ளை போர்வைக்குள் கேட்டுக்கொண்டிருக்கும். முதலில் "எதை நினைச்சுக் கேக்கறே?" என்று கேளுங்கள்.

"மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். 4-ல் சொன்னதுதான், கையில் இருப்பதை மட்டும் சொல்லுங்கள். "எல்லாரும் ஒருநாள் போறவங்கதான். நான் ரொம்ப ரொம்ப நாள் இருக்கத்தான் மருந்து சாப்பிடறேன், பாத்து நடக்கறேன். மழை அதிகமானா பெரியப்பா வீட்டுக்குப் போயிடுவோம். உன்னைப் பாத்துக்க பாட்டி இருக்காங்க, சித்தி இருக்காங்க." பெயர் சொல்லுங்கள், விரல் விட்டு எண்ணுங்கள். அவள் கேட்பது பெரும்பாலும் "என்னை யார் பாத்துப்பாங்க" என்பதுதான். மழைக்கு எங்கே போவோம் என்று சொன்னால் அந்த ஏற்பாடு நிஜமாகவே இருக்க வேண்டும். பெரியப்பாவிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

18. பெரியவளை சிம்ஸ் பூங்கா பழக்கண்காட்சிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருந்தேன். அன்னைக்குப் பார்த்து சின்னவனுக்கு நூத்தி ரெண்டு காய்ச்சல். வாக்கை மீறலாமா?

மீறலாம். ஒருவர் உடம்புக்கு ஆபத்து என்றால் வாக்கு தள்ளிப்போகும் என்பதையும் ஏழெட்டு வயதில் அவள் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் கிளம்பும் நேரம் வரை காத்திருக்காமல், தெரிந்த உடனே சொல்லுங்கள். "தம்பிக்காக நீ விட்டுக் கொடுக்கணும்" என்று அவள் தலையில் பெரிய மனசைக் கட்டாதீர்கள். முடிவு உங்களுடையது, அவள் கோபப்படட்டும்.

பிறகு அவளையே கேளுங்கள்: கண்காட்சி முக்கியமா, அம்மாவோடு போவது முக்கியமா? கண்காட்சி என்றால் சித்தியோடு அனுப்பலாம். அம்மா என்றால் வேறு தேதி, காலண்டர் தாளில் படம் (2). கண்காட்சி சில நாள்தான் நடக்கும், காய்ச்சல் இறங்குவதற்குள் முடிந்துவிடலாம். பூங்கா அங்கேயேதான் இருக்கும், போய் வரலாம். ஆனால் பழத்தால் செய்த யானையெல்லாம் இன்னும் இருக்கும் என்று சொல்லிக் கூட்டிப் போகாதீர்கள். எடுத்துவிட்டார்கள் என்று சொல்லியே கூட்டிப் போங்கள்.